சியா விதை: உணவா, மருந்தா?

நகரத்துக் கடைகளில் சில ஆண்டுகளாக ஒரு சிறு விதை விற்பனைக்கு வருகின்றது. எள்ளைவிடச் சிறியது; கறுப்பும் சாம்பலும் வெண்மையும் கலந்த புள்ளிகளை உடையது. சியா என்பது அதன் பெயர். உடல் மெலிய வேண்டுமா, சர்க்கரை நோய் தணிய வேண்டுமா, இதயம் வலுப்பெற வேண்டுமா, அனைத்திற்கும் இதுவே மருந்து என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. இதை உண்டால் மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்போரும் உளர். ஆகவே இவ்விதையைப் பற்றிய உண்மைகளை நம் குடும்பத்தினர் அறிந்துகொள்வது நலம்.

பிறந்த மண்

சியாவின் தாயகம் மெக்சிகோவும் குவாத்தமாலாவும் ஆகும். நம் துளசியும் புதினாவும் சேர்ந்த செடிக் குடும்பத்தையே இதுவும் சார்ந்தது. 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் இதற்குச் 'சால்வியா ஹிஸ்பானிக்கா' எனப் பெயரிட்டார். 'ஹிஸ்பானிக்கா' என்றால் ஸ்பெயின் நாட்டுக்குரியது என்பது பொருள். விளைந்தது ஒரு மக்களின் மண்ணில். பெயரோ அவர்களை வென்றவர்களின் நாட்டுக்குச் சென்றுவிட்டது!

அஸ்டெக் மக்களுக்கு மக்காச்சோளம், அவரை ஆகியவற்றோடு சியாவும் அன்றாட உணவாக இருந்தது. வறுத்து மாவாக்கி உண்டனர். நீரில் கலந்து பருகினர். அதன் எண்ணெயை வண்ண வேலைகளுக்குப் பயன்படுத்தினர். தலைநகராகிய டெனோச்டிட்லானுக்கு மாநிலங்கள் செலுத்திய திறைப் பொருள்களுள் சியாவும் ஒன்று. 1521ஆம் ஆண்டில் அந்நகர் ஸ்பானியர் கையில் வீழ்ந்தது. பின்னர் வந்த கொள்ளைநோய்களால் மக்கள் பெருந்தொகையாய் மடிந்தனர். கோதுமை முதலிய புதுப் பயிர்கள் வயல்களுக்கு வந்தன. சியாவின் சாகுபடி சுருங்கிச் சிற்றூர்களில் ஒதுங்கியது.

துறவி ஒருவரின் பணி

இப்பழைய செய்திகளுள் பலவற்றை நாம் அறிவதற்குப் பிரான்சிஸ்கன் சபைத் துறவி பெர்னார்தினோ தெ சகாகுன் அவர்கள் பெரிதும் காரணர். 1529இல் மெக்சிகோ சென்ற அவர் 1590இல் அங்கேயே உயிர் நீத்தார். திலாத்தெலோல்கோ என்னும் இடத்துக் கல்லூரியில் பயின்ற உள்ளூர் இளைஞர்களின் துணையோடு முதியோரிடம் கேட்டறிந்து, நாவாட்டில் மொழியிலேயே பன்னிரண்டு நூல்களாக எழுதிவைத்தார். அவர்களுடைய சந்தை, சமையல், மருந்து, பயிர் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. 1577இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு இத்தகைய எழுத்துகளைக் கைப்பற்ற ஆணையிட்டார். ஆயினும் அப்பெருநூலின் ஒரு படி இன்றும் இத்தாலியின் புளோரன்ஸ் நகர நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. சந்தையில் சியா விற்பவரைப் பற்றியும் அதில் குறிப்பு உண்டு. நல்ல வணிகர் எவர், கலப்படம் செய்து ஏய்ப்பவர் எவர் என வணிகர்களை அந்நூல் பிரித்துக் காட்டுகின்றது.

பயிரிடும் முறை

சியா சுமார் ஒரு மீட்டர் அல்லது அதற்கு மேலும் வளரும். ஊதா அல்லது வெண்ணிறப் பூக்கள் கதிராய்ப் பூக்கும். இலையின் மணம் பல பூச்சிகளை விலக்கும். பகற்பொழுது குறையத் தொடங்கியபின்தான் இச்செடி பூக்கும். உறைபனியோ இதற்கு ஆகாது. ஆதலால் குளிர்நாடுகளில் விதை முற்றுமுன் செடி மடிந்துவிடுகின்றது. மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்து ஆக்காத்திக் வட்டாரம் இதன் சாகுபடிக்குப் பெயர்பெற்றது.

1991 முதல் அர்ஜென்டினாவில் நடந்த சோதனைச் சாகுபடிகளுக்குப் பின்னர், பொலிவியா, பராகுவே, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இது பரவியது. நம் நாட்டில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் கர்நாடக உழவர்கள் பயிரிடத் தொடங்கினர். இங்கே செப்டம்பர், அக்டோபரில் விதைப்பது ஏற்றது. நீர் தேங்காத நிலம் வேண்டும். விதை மிகச் சிறிதாகையால் ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி, மெல்லிய மண் போர்வை இட்டால் போதும். முளைவிட்ட முதல் வாரங்களில் களையெடுப்பது இன்றியமையாதது. ஏறத்தாழ 100 முதல் 120 நாள்களில் கதிர்கள் காய்ந்து அறுவடைக்கு வரும்.

உண்ணும் முறையும் பயனும்

சுமார் 28 கிராம் விதையில், அதாவது இரண்டு மேசைக் கரண்டி அளவில், நார்ச்சத்து ஏறக்குறைய 10 கிராமும், புரதம் 4 கிராமுக்கு மேலும், சுண்ணாம்புச் சத்து 180 மில்லிகிராம் அளவும் உண்டு. ஒமேகா-3 வகைக் கொழுப்பும் மிகுதி. ஆனால் அது மீனில் உள்ள வகை அன்று. நம் உடல் அதில் சிறு பகுதியையே மீன் கொழுப்பின் வகையாக மாற்றிக்கொள்ளும்.

இவ்விதை தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலாக நீரை ஈர்த்து வழுவழுப்பான கூழாகும். மெக்சிகோ மக்கள் இதை நீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துப் பானமாக அருந்துகின்றனர். நாமும் அரைமணி நேரமேனும் ஊறவைத்து மோரிலோ, பாலிலோ, கஞ்சியிலோ கலந்து உண்ணலாம். உலர்ந்த விதையை வாயிலிட்டு நீர் குடிப்பது ஆபத்து. அவ்வாறு செய்த 39 வயதுடைய ஒருவருக்கு உணவுக்குழாய் அடைபட்ட செய்தியை, 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் தம் மாநாட்டில் எடுத்துரைத்தனர்.

ஆராய்ச்சிகள் கூறுவது என்ன? 2007இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில் சர்க்கரை நோயாளிகள் 20 பேர், வழக்கமான மருத்துவத்தோடு, நாள்தோறும் சுமார் 37 கிராம் சியா உண்டனர். இரத்த அழுத்தம் ஓரளவு தணிந்தது. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில் பருமனானவர்கள் 12 வாரம் நாளொன்றுக்கு 50 கிராம் உண்டும் எடை குறையவில்லை. ஆகவே சியா நல்ல உணவு. மாத்திரைக்கு மாற்று அன்று. இரத்த அழுத்தத்திற்கோ, இரத்தம் உறையாமைக்கோ மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே இதைத் தொடங்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

சப்ஜாவும் சியாவும்

சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதையைச் சியா என்று மயங்குவோர் பலர். சப்ஜா என்பது திருநீற்றுப் பச்சிலையின் விதை. சியாவுக்கு உறவே, ஆயினும் வேறு. சப்ஜா முழுதும் கறுப்பாயிருக்கும். நீரிலிட்ட சில நிமிடங்களில் ஊதிவிடும். சியா புள்ளிகளோடு இருக்கும், மெதுவாகவே ஊறும். ஒன்றின் விலைக்கு மற்றொன்றை வாங்கி ஏமாற வேண்டாம்.

விலை கட்டுப்படியாகாத குடும்பங்கள் வருந்தத் தேவையில்லை. நார்ச்சத்துக்குக் கேழ்வரகும் பயறும் கீரையும் உண்டு. சுண்ணாம்புச் சத்துக்கு எள்ளும் கேழ்வரகும் உண்டு. கடன்பட்டுச் சியா வாங்கும் தாயைவிட, வீட்டில் உள்ளதைச் சமமாய்ப் பகிர்ந்து ஊட்டும் தாய் தன் பிள்ளைகளுக்கு மிகுந்த நலம் செய்கிறாள்.

நல்ல வணிகரையும் ஏய்ப்பவரையும் அன்றே பிரித்து எழுதிவைத்தார் சகாகுன் அடிகள். அன்று விதையில் கலப்படம் செய்தனர். இன்றோ விதையைப் பற்றிய பேச்சிலும் கலப்படம் நடக்கின்றது. விதையை வாங்குமுன் கல்லும் தூசியும் உள்ளதா எனப் பார்ப்பதுபோல், அதனோடு சேர்த்து விற்கப்படும் சொற்களையும் புடைத்துப் பார்த்து வாங்குவோமாக.