குதிரைக்கு எத்தனை குதிரைத்திறன், தெரியுமா?

கிணற்றடி மோட்டாரின் தகட்டில் 5 எச்.பி. என்று போட்டிருக்கிறதே, அது ஐந்து குதிரைகளின் பலம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இல்லவே இல்லை! முழுமூச்சாக உந்தும் ஒரே ஒரு குதிரை, சில நொடிகளுக்கு, 15 எச்.பி. வரை தந்துவிடும். 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த கணக்கு 14.9 என்கிறது. உங்கள் தோட்டத்து பம்புசெட்டைப் போல மூன்றை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்!

அப்படியானால் குதிரைத்திறன் என்ற அளவை வகுத்த ஜேம்ஸ் வாட் ஊரை ஏமாற்றினாரா? அதுவும் இல்லை. அவர் கணக்கில் எடுத்தது, ஆலையில் நாள் முழுக்கச் செக்கு சுற்றும் குதிரையை. பாய்ச்சல் வேறு, பிழைப்பு வேறு அல்லவா? 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் வேலையைத்தான் ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார். இன்றைய கணக்கில் 746 வாட். நீராவி எந்திரத்தை விற்கக் குதிரையை அளவுகோலாக்கிய அதே மனிதரின் பெயரில்தான் நம் வீட்டு பல்பு எரிகிறது. குதிரைக்கும் மின்சாரத்துக்கும் விழுந்த முதல் முடிச்சு இது. இன்னும் எத்தனை இருக்கின்றன தெரியுமா?

இந்த இரண்டையும் ஒருசேரக் கட்டி மேய்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாதிரியான குதிரைச் சீமையில் ஒரு கிராமத்து மின்பொறியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் லைன், டிரான்ஸ்ஃபார்மர், மின் கூட்டுறவுச் சங்கம். விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் லாயம், வைக்கோல், சினைக்குதிரை. சம்பந்தமில்லாத இரண்டு தொழில் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1935-இல் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது என்றால் நம்புவீர்களா? நியூயார்க்கில் வானளாவிய கட்டடங்கள் ஜொலித்த காலத்தில் கிராமத்துப் பெண்கள் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். தனியார் மின் நிறுவனங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை; ஒரு மைல் கம்பி இழுத்தால் மூன்று வீடுதான் கிடைக்கும், லாபம் எங்கே என்றன. அந்த ஆண்டு மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கலுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார். விவசாயிகள் தலைக்கு 5 டாலர் போட்டுக் கூட்டுறவுச் சங்கம் சேர்ந்தார்கள். பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வலுவான கம்பியைப் போட்டுக் கம்பங்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டினார்கள், கம்பங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். மைலுக்கு 1,500 டாலருக்கு மேல் ஆன செலவு ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது! லாரி போக முடியாத சேற்றிலும் மேட்டிலும் அந்தக் கம்பங்களை இழுத்துப்போனவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான். கிராமத்துக்கு மின்சாரம் குதிரை மேல்தான் வந்தது என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

இனிதான் உண்மையான அதிசயம். பந்தயக் குதிரைகளுக்கு எல்லாம் ஒரே நாளில் பிறந்தநாள், தெரியுமா? பூமியின் வடபாதியில் எந்த மாதம் பிறந்தாலும் சரி, ஜனவரி 1 வந்தால் தரோபிரெட் என்ற பந்தய இனத்துக் குட்டிக்கு ஒரு வயது ஏறிவிடும். டிசம்பர் 31 இரவு பிறந்த குட்டி விடிந்ததும் ஒரு வயசுக்காரன்! கென்டக்கி டெர்பி பந்தயத்தில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டும்தான் ஓடலாம். ஜனவரியில் பிறந்தவனும் மே மாதம் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாலு மாத வளர்ச்சிக்குப் பண்ணைக்காரர்கள் தவம் கிடக்கிறார்கள்.

ஆனால் பெட்டைக் குதிரைக்குப் பஞ்சாங்கம் தெரியாதே! அது பருவத்துக்கு வருவது வசந்தத்தில், பகல் நீளும்போது. சினைக்காலமோ பதினோரு மாதம். ஜனவரி, பிப்ரவரியில் குட்டி வேண்டுமென்றால் முந்தைய பிப்ரவரி, மார்ச்சிலேயே சேர்க்க வேண்டும். அப்போது வெளியே பனி. என்ன வழி?

ஒரு பல்பு! நம்புங்கள், வெறும் பல்பு. டிசம்பர் தொடக்கத்திலிருந்து லாயத்தில் விளக்கைப் போட்டு, பகலும் விளக்குமாகச் சேர்த்து நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுத்தால், சுமார் இரண்டு மாதத்தில் வசந்தம் வந்துவிட்டதாகக் குதிரையின் உடம்பு நினைத்துக்கொள்கிறது. 12 அடிக்கு 12 அடி கொட்டடிக்கு 100, 200 வாட் பழைய பல்பு போதும். எவ்வளவு வெளிச்சம் என்று அளக்க மீட்டர்கூட வேண்டாம். கொட்டடியின் எந்த மூலையில் நின்றும் செய்தித்தாள் படிக்க முடிகிறதா, சரி என்பது பண்ணைக்காரர்கள் கணக்கு. இருட்டில் மூளையில் சுரக்கும் மெலடோனின் வெளிச்சத்தில் அடங்குகிறது, இனப்பெருக்கச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அதற்காக 24 மணி நேரமும் எரியவிட்டால்? பலிக்காது! குதிரைக்கு இரவும் வேண்டும். எனவே விளக்கை அணைப்பதற்கு ஒரு டைமர். மின்பொறியாளர் வீட்டுக் குதிரைக்கு இதைவிட என்ன கொடுப்பினை வேண்டும்?

அயர்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். குதிரையின் முகமூடியில், ஒரு கண்ணுக்கு மட்டும், சின்ன நீல எல்.இ.டி. விளக்கைப் பொருத்திவிட்டார்கள். லாயமே வேண்டாம், குதிரை புல்வெளியில் மேய்ந்துகொண்டே வசந்தத்துக்குப் போய்விடும்.

சரி, சினை பிடித்தாயிற்று. குட்டி எப்போது பிறக்கும்? பெரும்பாலும் நள்ளிரவில், அதுவும் நீங்கள் காபி குடிக்கப் போன பத்து நிமிடத்தில்! ஆள் நடமாட்டம் அடங்கும்வரை குதிரையால் பிரசவத்தைச் சற்றுத் தள்ளிப்போட முடியும் என்கிறார்கள் வளர்ப்பவர்கள். அதற்கும் மின்சாரத்தில் மருந்து உண்டு. பிறப்புறுப்பின் ஓரத்தில் ஒரு சிறு கருவியைத் தைத்துவிடுவார்கள். குட்டியின் கால் வெளியே தள்ளும்போது அதிலிருக்கும் காந்தம் விலகும், ரேடியோ சமிக்ஞை பறக்கும், வீட்டில் மணி அடிக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்கும்.

குதிரையால்தான் உலகத்துக்கு ஒரு பெரிய மின்வேலித் தொழில் கிடைத்தது என்பது தெரியுமா? 1930களில் நியூசிலாந்தின் ஹாமில்டன் பக்கம் பில் கலாகர் என்ற விவசாயி. அவருடைய குதிரையின் பெயர் ஜோ. ஜோவுக்கு ஒரு கெட்ட பழக்கம்: முதுகு அரித்தால் நேராக வந்து கலாகரின் காரில் தேய்க்கும். கலாகர் கோபப்படவில்லை. கார் ஆடினால் சுரீர் என்று ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு சுற்றைக் கட்டிவிட்டார். ஜோ திருந்தியது. அந்த யோசனையே வேலியாகி, இன்று பல நாடுகளுக்குப் போகும் நிறுவனமாகிவிட்டது. மின்வேலியில் ஓடுவது வீட்டு மின்சாரம் அல்ல. சுமார் நொடிக்கு ஒருமுறை, கண்சிமிட்டும் நேரத்தைவிட மிகச் சின்ன துடிப்பு. ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தாலும் வலிக்கும், கொல்லாது. நேரடியாக வீட்டு இணைப்பிலிருந்து வேலிக்குக் கம்பி இழுப்பது மட்டும் கொலை. இதை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன்.

1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இன்னொரு கூத்து. குதிரைப் பண்ணை முதலாளி லேலண்ட் ஸ்டான்போர்ட், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிற்குமா என்று தெரிந்துகொள்ளத் துடித்தார். புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே பொறியாளர் அவற்றின் மூடிகளுக்கு மின்காந்த விசை அமைத்துக் கொடுத்தார். குதிரை ஓடியது, படங்கள் விழுந்தன, நான்கு கால்களும் அந்தரத்தில்! ஓவியர்கள் வரைந்த மாதிரி முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கியபடி. இதில் 25,000 டாலர் பந்தயம் இருந்தது என்று கதை விடுவார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தக் குதிரைப் பண்ணை நிலத்தில்தான் இன்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. இன்னொரு எச்.பி.யான கணினி நிறுவனத்தைத் தொடங்கிய ஹ்யூலெட்டும் பேக்கார்டும் மின்பொறியியல் படித்தது அங்கேதான்!

கடைசியாக ஒன்று, இது சிரிப்பதற்கல்ல. 2011 பிப்ரவரி 12, இங்கிலாந்தின் நியூபரி பந்தய மைதானம். முதல் ஓட்டத்துக்கு முன் அணிவகுப்புப் புல்தரையில் இரண்டு குதிரைகள் சடசடவென்று விழுந்து செத்தன. பிடித்து நடத்தியவர்களுக்கு உயிராபத்து இல்லை. காரணம், மண்ணுக்கடியில் கிடந்த பழைய மின்கேபிள். ஒரே தரை, ஒரே மின்சாரம், எப்படி இந்த வித்தியாசம்? மின்சாரம் கசியும் தரையில் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே வோல்ட் வேறுபடும். கால்கள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு வேறுபாடு. குதிரையின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நம் எட்டைவிட நீண்ட தூரம். காலில் இரும்பு லாடம் வேறு. நமக்குக் கால் வழி ஏறிக் கால் வழி இறங்கும் மின்சாரம், அதற்கு நெஞ்சைக் கடந்து போகிறது. மாட்டுக்கும் இதே கணக்குத்தான்.

அதனால் மழைக்காலத்தில் தொழுவத்துப் பக்கம் கம்பி அறுந்து கிடந்தாலோ, மாடு திடீரென்று ஓரிடத்தில் மிதிக்கவோ தொட்டியில் வாய் வைக்கவோ மறுத்தாலோ, அதை அடித்து ஓட்டாதீர்கள். நீங்களும் கிட்டே போகாதீர்கள். ஏற்கெனவே அருகில் நின்றுவிட்டால் கால்களை அகட்டாமல், தரையிலிருந்து தூக்காமல், சின்னச் சின்னதாக நகர்த்தி வெளியே வாருங்கள். உடனே மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள்.