வாசல் வெளிச்சத்தில் ஒரு மயில்கழுத்துப் பட்டு

ஆரணியில் பட்டு எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். சேலை மனசுக்குப் பிடித்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். "வெயில்ல பாருங்கம்மா" என்று கடைக்காரரே சொல்வார். குண்டு பல்பு எரிந்த காலத்தில் இது கட்டாயம். உள்ளே மங்கிக் கறுத்துக் கிடந்த மயில்கழுத்து நிறம் வாசலில்தான் நீலமும் பச்சையுமாகத் துலங்கும். அரக்கும் மஞ்சளும் பல்பு வெளிச்சத்திலேயே எடுப்பாக இருக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? குவாண்டம் கொள்கை பிறந்ததே ஏறக்குறைய இந்தக் கேள்வியில்தான்.

சாயப்பட்டறை அடுப்பில் கங்கு சிவக்கும். சூடு ஏறினால் மஞ்சளாகும், இன்னும் ஏறினால் வெளுக்கும். எந்தச் சூட்டில் எந்த நிறம் எவ்வளவு வரும் என்று 1890களில் துல்லியமாக அளக்கத் தொடங்கியது பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கின் அரசு அளவீட்டு ஆய்வகம். விளக்குகளின் ஒளியை ஒப்பிட அவர்களுக்கு நம்பகமான அளவுகோல் வேண்டியிருந்தது. அப்போது வழங்கிய, இயற்பியலாளர் வீனின் சூத்திரம் குறுகிய அலைகளுக்குச் சரியாக வந்தது. நீண்ட அலைகளில் பிசகியது. அந்தப் பிசகை 1900 அக்டோபர் 7 அன்று ஹைன்ரிக் ரூபன்ஸ் என்ற ஆய்வாளர் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்கின் வீட்டுக்கு வந்து சொன்னார். அன்று மாலையே பிளாங்க் புதிய சூத்திரம் ஒன்றைக் கண்டார். அளவீடுகளோடு அது அப்படியே பொருந்தியது. ஏன் பொருந்துகிறது என்பது மட்டும் அவருக்கே புரியவில்லை.

காரணம் தேடி அவர் உழைத்த அந்த இரண்டு மாதங்கள்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிதாகப் படுகின்றன. டிசம்பர் 14 அன்று விடை சொன்னார்: ஆற்றல் ஒழுகி வருவதில்லை, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. அந்தப் பொட்டலம்தான் குவாண்டம். வேறு வழியே இல்லாமல்தான் அந்த முடிவுக்கு வந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். ஒளியே பொட்டலங்களால் ஆனது என்று 1905இல் ஒரு படி மேலே போனவர் ஐன்ஸ்டைன்.

கடையில் சேலையை அரை, கால் என்று வெட்டித் தர மாட்டார்கள். எடுத்தால் முழுச் சேலை. ஒளியும் அப்படித்தான். நீலப் பொட்டலம் சிவப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். பல்பின் இழை 2,500ஐ ஒட்டியே இருக்கும். அவ்வளவு சூட்டை வைத்துக்கொண்டு இழைக்கு நீலம் கட்டுப்படியாகாது. மயில்கழுத்து கறுத்துப் போவது இதனால்தான். தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதை வெறும் சூத்திரமாக மட்டும் சொல்லித் தருகிறோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பிளாங்கின் சூத்திரத்தை ஒளிப் பொட்டலங்களை மட்டுமே எண்ணி வருவித்தவர் டாக்கா பல்கலைக்கழகத்தின் சத்தியேந்திரநாத் போஸ். 1924இல் அவர் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார்.

சென்னைக்கு இந்த அலை 1928இல் நேராகவே வந்தது. ஜெர்மானிய அறிஞர் ஆர்னால்டு சாமர்ஃபெல்டு மாநிலக் கல்லூரிக்கு வந்திருந்தார். அவருடைய அணுவியல் நூலைத் தானாகவே படித்துத் தேறிய மாணவர் ஒருவர், ஓட்டலுக்குப் போய் அவரைப் பார்த்தார். சுப்பிரமணியன் சந்திரசேகர்; பதினெட்டு வயதை ஒட்டிய பையன். "நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது" என்பதே அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம். கூடவே, அச்சாகாத தம் புதிய கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் சாமர்ஃபெல்டு கொடுத்தார். சந்திரசேகர் அதைப் பற்றிக்கொண்டார். அதில் கண்ட, துகள்களை எண்ணும் புதிய புள்ளியியலைக் கையாண்டு அவர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, அதே புள்ளியியலை வைத்து, அணைந்துவரும் விண்மீன்களின் எடையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.