நான்கு பர்னர், சின்ன மேடை: மலிவு போன் எப்படி இயங்குகிறது?

2013 நவம்பரில் மோட்டோரோலா அறிமுகப்படுத்திய மோட்டோ ஜி, அமெரிக்காவில் ஒப்பந்தம் ஏதுமின்றி 179 டாலருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு வந்த ஐபோன் 5எஸ்ஸை அப்படி வாங்க 649 டாலர் வேண்டியிருந்தது. எங்கே கைவைத்து விலையைக் குறைத்தார்கள்? அந்தப் போனை ஒரு சமையலறையாக நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

அடுப்பு: இது பிராசசர். ஸ்னாப்டிராகன் 400 சிப்பில் நான்கு கோர்கள். அதாவது நான்கு பர்னர். ஒன்றில் பாட்டு ஓடும்போதே இன்னொன்றில் மெயில் இறங்கும். தீயின் வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ்தான். அன்றாடச் சமையலுக்கு அது தாராளம். கனமான கேம் என்ற கல்யாண விருந்துக்குத்தான் திணறும்.

மேடை: இது ரேம், 1 ஜிபி. திறந்திருக்கும் ஆப் ஒவ்வொன்றும் மேடைமேல் ஒரு பாத்திரம். இடம் போதாவிட்டால், நெடுநேரம் தொடாத பாத்திரத்தை ஆண்ட்ராய்டு எடுத்துவிடும். பிரவுசரில் பாதி படித்த பக்கத்துக்குத் திரும்பும்போது அது மறுபடி லோடாவது இதனால்தான். அடுப்பில் கோளாறு இல்லை, மேடை நிரம்பிவிட்டது.

அலமாரி: இது ஸ்டோரேஜ். 8 ஜிபி மாடலில் ஆண்ட்ராய்டே கணிசமான தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். மெமரி கார்டு போட வழியில்லாததால் புதுத் தட்டும் அடிக்க முடியாது. படமும் வீடியோவும் சேரச் சேர எதையாவது தூக்கிப்போட வேண்டியதுதான். 2014 மே மாதம் அறிவித்த 4ஜி மாடலில் கார்டு ஸ்லாட்டைச் சேர்த்தார்கள். அன்று அதன் விலை 219 டாலர்.

காஸ் இணைப்பு: இது சிம். லாக் செய்த போனில் ஒரே கம்பெனியின் சிலிண்டர்தான் பொருந்தும். அன்லாக்டு போனில் கட்டணம் கூடினால் சிலிண்டரை மாற்றிக்கொள்ளலாம். வெளியூர் போனால் அந்த ஊர் சிம்மைப் போடலாம். ஆனால் முதல் மோட்டோ ஜியின் குழாய் குறுகலானது. 3ஜி வரைதான், 4ஜி கிடையாது.

இந்தக் கணக்கில் நியாயம் இருந்தது. நாள் முழுக்கப் பார்க்கும் திரையில் சிக்கனம் பார்க்கவில்லை, 4.5 அங்குலம், 720பி. 5 மெகாபிக்சல் கேமராவிலும் அலமாரியிலும் பார்த்தார்கள். எல்லாப் பாகத்தையும் ஒரேயடியாக மட்டமாக்கும் மலிவைவிட இது எவ்வளவோ மேல்.

விளம்பரத்தில் பர்னர் எண்ணிக்கைதான் முதலில் வரும். வாங்குபவர் மேடையையும் அலமாரியையும் முதலில் விசாரிக்க வேண்டும். ஏனென்றால் ரேம் போனின் சர்க்யூட் பலகையோடு ஒட்டியே வருகிறது. வாங்கிய பிறகு கூட்ட வழியில்லை. காசு இன்னும் கொஞ்சம் கையில் இருந்தால், அதை அங்கே போடுங்கள்.