பாதி வழியில் நின்று பார்ப்பது ஏன்?

மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்களின் இடைக்கால மதிப்பீடு: ஆதரவாளர்களுக்கு ஒரு விளக்கம்



காணிக்கை கொடுக்கிற ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கேள்வி உண்டு. "நாங்கள் கொடுத்தது, போய்ச் சேரவேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்ததா?" இது சந்தேகப்புத்தியினால் எழும் கேள்வி அல்ல. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் காசும், பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தவர் எடுத்துவைத்த பங்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை பென்ஷனிலிருந்து அனுப்பும் தொகையும் சேர்ந்துதான் ஒரு திட்டம் நடக்கிறது. அதற்குக் கணக்குக் கேட்பது நியாயம். கணக்கு ஒப்புவிப்பது உக்கிராணக்காரரின் கடமை.

ஆனால் அந்தக் கேள்வியை எப்போது கேட்கிறோம் என்பது முக்கியம். பெரும்பாலும் திட்டம் முடிந்த பிறகே கேட்கிறோம். அதற்குள் பணம் செலவாகியிருக்கும். ஊழியர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். தவறு தெரிந்தாலும் திருத்த வழியிராது.

சுவிசேஷத்தில் வரும் கனி கொடாத அத்திமரத்தின் உவமை உங்களுக்குத் தெரிந்ததே. மூன்று வருஷம் ஏமாந்த எஜமான் மரத்தை வெட்டச் சொல்கிறான். தோட்டக்காரனோ இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். சும்மா கேட்கவில்லை, வேரடியைக் கிளறி உரமிட ஒப்புக்கொண்டு கேட்கிறான். இடைக்கால மதிப்பீடும் ஏறக்குறைய இதுவே. திட்டம் பாதி வழியில் இருக்கும்போது நின்று பார்ப்பது. குறை எங்கே என்று கண்டு, மீதிக் காலத்தையும் மீதிப் பணத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்வது.

தணிக்கை வேறு, மதிப்பீடு வேறு

தணிக்கையாளர் ரசீதையும் கணக்கையும் பார்க்கிறார். 40 மூன்று சக்கர சைக்கிளுக்குப் பணம் கொடுத்தோம், 40 வந்ததா என்பது அவருடைய கேள்வி. மாதாந்திரக் கண்காணிப்பு, சொன்ன வேலை சொன்ன தேதியில் நடக்கிறதா என்று பார்க்கிறது. இறுதி மதிப்பீடு அடுத்த திட்டத்துக்குப் பாடம் சொல்கிறது. இடைக்கால மதிப்பீட்டின் கேள்வியோ இது: நாம் செய்துகொண்டிருப்பது சரியான வேலைதானா? யாருக்காக ஆரம்பித்தோமோ அவர்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

சூலூர், பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் 40 பேருக்கு மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் 40 என்று இருக்கும். மாலையும் புன்னகையுமாகப் புகைப்படமும் இருக்கும். ஒன்றரை வருஷம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தால், ஒரு சைக்கிள் கட்டுத்தரையில் தீவன மூட்டை சுமந்து நிற்கலாம். இன்னொன்று டயர் போய், பழுது பார்க்க ஆள் இல்லாமல் கிடக்கலாம். மற்றொருவர் வீடு இட்டேரிக்குள் இருக்கிறது. மழை பெய்தால் அந்த மண் தடத்தில் சக்கரம் உருளாது. தணிக்கைக் கணக்கில் குறையே இல்லை. ஆனால் அந்த மனிதர் இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இதை ஐந்தாம் வருஷம் கண்டுபிடித்தால் வருத்தப்படலாம். மூன்றாம் வருஷம் கண்டுபிடித்தால், புது சைக்கிள் வாங்க வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியை உதிரிபாகத்துக்கும், உள்ளூர் சைக்கிள் கடைக்காரருக்குப் பயிற்சி கொடுக்கவும் திருப்பிவிடலாம்.

நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய உதாரணம்

இன்று தமிழ்நாட்டில் இத்தகைய கட்டத்தில் நிற்கும் பெரிய முயற்சி, அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்தும் 'தமிழ்நாடு உரிமைகள் திட்டம்'. ரைட்ஸ் திட்டம் என்றும் சொல்கிறார்கள். இதற்காக 2022-ஆம் ஆண்டில் உலக வங்கி 16.2 கோடி அமெரிக்க டாலர் கடன் அனுமதித்தது. ஆறு ஆண்டுக்கால அளவில் வகுக்கப்பட்ட இத்திட்டம் பாதித் தூரத்தைக் கடந்திருக்கிறது. வீடு வீடாகக் கணக்கெடுத்து மாற்றுத்திறனாளிகளின் பதிவேடு தயாரிப்பது, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி முதலியவற்றை ஒரே இடத்தில் தரும் 'விழுதுகள்' மையங்களைத் திறப்பது, மையத்துக்கு வர முடியாதவர்களிடம் வாகனத்தில் சேவையைக் கொண்டுபோவது ஆகியவை இதன் முக்கிய வேலைகள்.

கடன் என்றால் நாமெல்லாரும் சேர்ந்து திருப்பிக் கட்டவேண்டிய பணம். ஆகவே அரசுத் திட்டமானாலும், சபை நடத்தும் சிறிய திட்டமானாலும், கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றே.

முதல் கேள்வி: விடுபட்டவர் யார்?

சேவை பெற்றவர்களிடம் "உதவியாக இருந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைக்கும். வந்தவர்கள் பட்டியல் எந்த அலுவலகத்திலும் இருக்கும். வராதவர்கள் பட்டியல் எங்கும் இருக்காது. மதிப்பீட்டாளர் தேடவேண்டியது அதைத்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அதாவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்வதாகச் சொல்கிறது. இரண்டும் ஒரே அளவுகோலால் எடுத்த கணக்கு அல்ல. ஆனால் இத்தனை பெரிய இடைவெளிக்குக் கேள்வி கேட்கும் விதமும் ஒரு காரணம்.

"உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டால், கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் "இல்லை" என்றே பதில் வரும். தாத்தாவுக்குக் காது கேட்காததை வயதின் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். இதற்காகவே, ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிவர ஆணையம் 2001-இல் அமைத்த வாஷிங்டன் குழு ஆறு எளிய கேள்விகளை வகுத்தது. கண்ணாடி அணிந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? கருவி வைத்தாலும் கேட்பதில் சிரமம் உண்டா? நடப்பதில், படியேறுவதில்? ஞாபகம் வைப்பதில், மனதை ஒருமுகப்படுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில்? பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில், தான் சொல்வதைப் புரியவைப்பதில்? ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. 'ஊனம்' என்ற வார்த்தையே இல்லாததால், மறைக்கவேண்டிய அவசியமும் குறைகிறது. ஆயினும் மனநோயுள்ளவர்களும் சிறு குழந்தைகளும் இந்த ஆறு கேள்விகளில் எளிதில் அகப்படமாட்டார்கள். குழந்தைகளுக்கென்று தனிக் கேள்விகள் பின்னர் தயாரிக்கப்பட்டன.

நம் கொங்குப் பகுதிக்கு உரிய காரணங்களும் உண்டு. இங்கே பலர் ஊருக்குள் கூட்டமாகக் குடியிராமல், தோட்டத்துச் சாளைகளில் தனித்தனியாக இருக்கிறார்கள். ஊர்ப் பொது இடத்தில் முகாம் நடத்தித் திரும்பினால் அவர்கள் விடுபடுவார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் குடும்பங்கள் ஷிப்ட் வேலை செய்கின்றன. பகல் பதினொரு மணிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும், உள்ளே ஒரு பிள்ளை தனியாக இருந்தாலும் தெரியாது. திருப்பூரில் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்களின் ரேஷன் அட்டை வேறு ஊரில் இருக்கும். உள்ளூர்ப் பட்டியலை மட்டும் நம்பும் திட்டம் அவர்களை எட்டாது.

ஆறு அளவுகோல்கள்

வெளிநாட்டு உதவித் திட்டங்களை மதிப்பிட, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு 1991-இல் ஐந்து அளவுகோல்களை வகுத்தது. 2019-இல் ஆறாவது சேர்ந்தது. அவற்றை நம் பேச்சில் இப்படிச் சொல்லலாம்.

1. பொருத்தம்: அவர்களுக்குத் தேவையானதைச் செய்கிறோமா, நமக்குத் தெரிந்ததைச் செய்கிறோமா?

2. இசைவு: அரசும் மற்ற நிறுவனங்களும் செய்வதோடு ஒத்துப்போகிறதா? அரசே காலிப்பர் இலவசமாகக் கொடுக்கும்போது நாமும் அதையே கொடுக்கிறோமா?

3. பலன்: நினைத்தது நடக்கிறதா?

4. சிக்கனம்: செலவுக்கேற்ற பயன் உண்டா? இங்கே ஒரு எச்சரிக்கை. படுக்கையிலிருக்கும் ஒருவரைத் தோட்டத்து வீட்டில் போய்ப் பார்க்க, பஸ் வசதியுள்ள ஊரில் பத்துப் பேரைப் பார்க்கும் செலவு ஆகலாம். மலிவை மட்டும் பார்த்தால் மிகவும் தேவையுள்ளவரே முதலில் கழிக்கப்படுவார்.

5. தாக்கம்: வாழ்க்கையில் நிலையான மாற்றம் வந்ததா? பாதி வழியில் இதற்கு முழுப் பதில் எதிர்பார்க்கக் கூடாது. அறிகுறி தெரிகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

6. நிலைத்திருத்தல்: நம் பணம் நின்றபின் யார் தொடர்ந்து செய்வார்கள்?

பொதுத் திட்டங்களையும் பார்க்கவேண்டும்

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக நடத்துவதை மட்டும் மதிப்பிட்டால் போதாது. குடிநீர், பள்ளிக்கூடம், சுயஉதவிக் குழு, தாய் சேய் நலம் என்று எல்லாருக்குமான திட்டத்தில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா? 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு, நாடுகளுக்கிடையிலான வளர்ச்சிப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை உறுதிசெய்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், தன் 48-ஆம் பிரிவில், அவர்களைத் தொடும் பொதுத் திட்டங்களைச் சமூகத் தணிக்கை செய்ய அரசுக்குக் கட்டளையிடுகிறது.

கோயம்புத்தூருக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. பார்வைக் குறைபாடுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்று 2006-இல் உலகளவில் ஓர் இயக்கம் தொடங்கியது. அதை உலகப் பார்வையற்றோர் சங்கத்தோடு சேர்ந்து நடத்திய சர்வதேசக் கல்விக் குழுவின் செயலகப் பணி பல ஆண்டுகள் இந்த நகரத்திலிருந்தே நடந்தது.

யார் கேட்பது? யாரிடம் கேட்பது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவப் பணி தொடர்ந்தவர். 1966-இல் அங்கே உருவான மறுவாழ்வு நிலையத்துக்கு அவருடைய உழைப்பே அடித்தளம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய திரு. எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நிலையிலேயே அதைச் செய்தார். வாசற்படி எத்தனை அங்குலம் உயரம் என்பது, அதை ஏற முடியாதவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

ஆகவே மதிப்பீட்டுக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் இருக்கவேண்டும். வெறும் சாட்சிகளாக அல்ல, கேள்வி தயாரிப்பவர்களாகவும் முடிவு எழுதுபவர்களாகவும். காது கேளாதவரிடம் பேச சைகை மொழி தெரிந்தவர் வேண்டும். அம்மாவை மொழிபெயர்ப்பாளராக வைத்தால் அம்மாவின் கருத்தே கிடைக்கும். பெண்களிடம் வீட்டார் இல்லாத நேரத்தில், பெண் ஒருவர் பேசவேண்டும். கூட்டம் நடக்கும் இடத்தில் சாய்தளமும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் வேண்டும். பராமரிக்கும் தாயிடமும் தனியாகக் கேட்கவேண்டும். பிள்ளைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தோம், அதைச் செய்ய அவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டோமா? முக்கியமாக, பாதியில் நின்றுபோனவர்களைத் தேடிப் போய்க் காரணம் கேட்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. திட்டம் எழுதும்போதே அதற்குத் தொகை ஒதுக்காவிட்டால், மதிப்பீட்டாளர் ஜீப்பில் வந்து, ரோட்டோர வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஆதரவாளர்களின் பங்கு

இனி உங்களைப் பற்றிய ஒரு வார்த்தை. மதிப்பீட்டில் குறை தெரிவது அவமானமாகத் தோன்றுவதால், அதை மென்மையாக்கி எழுதும் சோதனை எந்த நிறுவனத்துக்கும் வரும். குறை சொன்னால் அடுத்த ஆண்டு காணிக்கை குறையும் என்ற பயமே அதற்குக் காரணம். அந்தப் பயத்தை நீக்க உங்களால் மட்டுமே முடியும். "சைக்கிளுக்குக் கொடுத்தேன், சைக்கிளே வாங்கவேண்டும்" என்று பிடிவாதமாக இருந்தால், கட்டுத்தரையில் இன்னொரு சைக்கிள் நிற்கும். "தேவை எதுவோ அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்; ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்" என்று சொன்னால், மீதிப் பணம் அந்த இட்டேரிக்குள் இருக்கும் வீடுவரை போகும்.

நீங்கள் ஆதரிக்கும் எந்தத் திட்டமானாலும், பாதி வழியில் இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள்: இதுவரை யார் விடுபட்டிருக்கிறார்கள்? அதைக் கண்டுபிடித்தவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? அதனால் நீங்கள் எதை மாற்றினீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "ஒன்றும் மாற்றவில்லை, எல்லாம் நன்றாக நடக்கிறது" என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.

திருத்த நேரம் இருக்கும்போதே உண்மையைக் கேட்டுக்கொள்ள மனதுள்ள ஆதரவாளர்கள் கிடைப்பது எந்தத் திட்டத்துக்கும் பெரிய ஆசீர்வாதம்.