நடைபாதைக்காரர் மீட்ட பெயர்

"பெயரைப் பதிவு செய்யவில்லையே, வழக்கு நிற்குமா?" திருவள்ளூர் கடைவீதியானாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமானாலும், தம் கடைப்பெயரைப் பிறர் வைத்துக்கொண்டால் வியாபாரிக்கு எழும் கேள்வி இது. நியூயார்க்கில் ஒரு தெருக் கலைஞர் இதற்கு வழி காட்டியிருக்கிறார்.

லூயி ஹார்டின் 1932இல், 16 வயதில், வெடி விபத்தில் பார்வை இழந்தவர். நீண்ட தாடியும் அங்கியுமாக, பின்னாளில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு, ஆறாவது அவென்யூவில் நிற்பார். தாமே உருவாக்கிய 'ட்ரிம்பா' என்ற முக்கோண மேளத்தைத் தட்டுவார். தம் கவிதைகளையும் இசைத்தாள்களையும் விற்பார். நிலவைப் பார்த்து ஊளையிட்ட தம் நாயின் நினைவாக 1947இல் 'மூன்டாக்' என்று பெயர் வைத்துக்கொண்டார். விசித்திரப் பேர்வழிதான், ஆனால் பெயர் விஷயத்தில் படு கெட்டி.

பிரபல வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் அந்தப் பெயரைத் தம் நிகழ்ச்சிக்குச் சூட்டி, இவருடைய இசைத்தட்டையே முகப்பிசையாகவும் போட்டார். கடைகூட இல்லாத இம்மனிதர் நீதிமன்றம் போய் 1954இல் வென்றார். ஃபிரீட் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பதிவாகாத பெயருக்கும் வழக்குரிமையை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அப்பெயரில் நமக்கு முன்பே நற்பெயர் இருந்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும். பதிவு செய்துவிட்டால் அந்தப் பாடு குறையும். அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. அதுவரை பழைய பில் புத்தகங்களையும் விளம்பர நோட்டீசுகளையும் எடைக்குப் போட வேண்டாம்.