பாராங்கா, கோடரியா?

முகாமிற்குப் புறப்படும்போது பாராங் கத்தியை எடுத்துச் செல்வதா, கோடரியை எடுத்துச் செல்வதா? சாரணர் இயக்க மாணவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கான விடை நம் தோட்டப்புற வாழ்க்கையிலேயே இருக்கிறது.

கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. செம்பனைத் தோட்டங்களில் குட்டையான இளமரத்தின் குலையை உளியால் வெட்டுவர். மரம் உயர்ந்துவிட்டால், நீண்ட கோலில் பொருத்திய அரிவாளைப் பயன்படுத்துவர். மரம் ஒன்றுதான், வேலை மாறும்போது கருவியும் மாறுகிறது. முகாமிற்கும் இதுவே பொருந்தும்.

பாராங் கத்தியின் அலகு நீளமானது, கோடரியைவிட மெல்லியது. எனவே கொடி, புதர், மூங்கில், மணிக்கட்டளவு பருமனுள்ள கிளை ஆகியவற்றை எளிதில் வெட்டும். பிடியை ஒட்டிய பகுதியால் கூடார முளைகளைச் சீவலாம். ஆனால், பருத்த கட்டையில் ஓங்கி வெட்டினால் அலகு சிக்கிக்கொள்ளும். அதை இழுத்தெடுக்க முயலும்போது கை வெட்டுப்படக்கூடும்.

கோடரியின் எடை அதன் தலைப்பகுதியில் குவிந்திருக்கிறது. அதன் ஆப்பு வடிவம் மரத்தின் நார்களை இருபுறமும் விலக்கிப் பிளக்கிறது. ஆகவே, காய்ந்த பருத்த கட்டைகளை விறகாக்க அதுவே சிறந்தது. குளிர்நாடுகளில் இரவு முழுவதும் தீ மூட்ட வேண்டியிருப்பதால், அங்கு முகாமிடுவோர் கோடரியை விரும்புகின்றனர். ஆனால், வளைந்து கொடுக்கும் கொடிகளைக் கோடரியால் வெட்டினால், அது வழுக்கிக் காலில் படலாம்.

நம் நாட்டில் முகாமிற்குச் சமைப்பதற்கான சிறு தீயே பெரும்பாலும் போதும். மழையில் நனைந்த விறகாக இருந்தாலும் கவலையில்லை. சிறிய கட்டையை நிறுத்தி, அதன் தலையில் பாராங்கை வைத்து, கத்தியின் முதுகில் மரத்தடியால் தட்டினால் அது பிளந்துவிடும். பட்ட கட்டையாக இருந்தால் உட்பகுதி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். ஆகவே, ஒரே கருவியைத்தான் எடுத்துச் செல்ல முடியுமென்றால் பாராங்கே ஏற்றது. பருத்த கட்டைகளைப் பிளக்கும் வேலை மிகுதியாக இருந்தால் மட்டும் கோடரி தேவைப்படும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாதுகாப்பே முதன்மையானது. பொறுப்பாசிரியரின் மேற்பார்வையின்றிக் கருவியைத் தொடக்கூடாது. கருவியுடன் கையை நீட்டிச் சுழன்றால் எட்டும் தொலைவிற்குள் வேறு எவரும் நிற்கக்கூடாது. கால் இருக்கும் திசையில் வெட்டக்கூடாது. மழுங்கிய கருவி வழுக்கும். ஆகவே அதனைத் தீட்டி வைத்திருத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் உறையில் இட வேண்டும். பச்சை மரங்களை வெட்டாமல், விழுந்து காய்ந்த கிளைகளையே பொறுக்க வேண்டும்.

தக்க காரணமின்றிப் பொது இடத்தில் பாராங் வைத்திருப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மறவாதீர்கள். எனவே, முகாமிற்குரிய கருவிகளைப் பொறுப்பாசிரியரே கொண்டுவந்து, முகாம் முடிந்ததும் எண்ணிச் சரிபார்த்துத் திரும்பப் பெறுவது நல்லது. கருவியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர், அதை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.