பழைய சேமிப்பு சர்வருக்குப் புதிய டிஸ்க்

பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் பெருமாட்டி ஊராட்சி, பிளாச்சிமடையில் இயங்கிய கோகா-கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2003-ஆம் ஆண்டில் தீர்மானித்தது. நிலத்தடி நீரைப் பற்றிய அவ்வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்று, 2017-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. ஓர் ஊராட்சியின் தீர்மானங்களும் கடிதங்களும் 14 ஆண்டுகளுக்குப் பின்னரும் தேவைப்படக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்தகைய பதிவேடுகள் இக்காலத்தில் பெரும்பாலும் கணிப்பொறியில் சேமிக்கப்படுகின்றன. ஆனால், அவற்றைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் வழக்கமாக 2 முதல் 5 ஆண்டுகளே. பதிவேடு நீடிக்க வேண்டுமாயின், டிஸ்க் இடையே மாற்றப்பட்டே ஆக வேண்டும்.

பல கணிப்பொறிகளுக்குப் பொதுவான சேமிப்பு சர்வரில் பெரும்பாலும் 4 டிஸ்க்குகள் இருக்கும். அவற்றை ஒரே தொகுதியாக இயக்கும் ரெய்டு முறைக்கு அப்பெயரிட்டு 1988-ஆம் ஆண்டில் விளக்கியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர். இதன் ஐந்தாம் வகையில், தகவலோடு அதைச் சரிபார்க்கும் கணக்கும் எல்லா டிஸ்க்குகளிலும் பரப்பி எழுதப்படுகிறது. ஒன்று பழுதுற்றால், எஞ்சிய மூன்றிலிருந்து இழந்ததைக் கணக்கிட்டுப் புதிய டிஸ்க்கில் மீண்டும் எழுதிவிடலாம். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும், 4 டெராபைட் டிஸ்க்கை நிரப்ப 7 மணி நேரத்துக்கு மேலாகும். அலுவலகப் பணியும் உடன் நடைபெறின் ஓரிரு நாள்கூட ஆகலாம். அதுவரை அத்தொகுதிக்குக் காப்பு இல்லை. எஞ்சிய மூன்றும் பழுதுற்றதன் வயதினவே என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். ஆகையால், புதிய டிஸ்க்கைத் தேர்கையில் கேட்கவேண்டிய முதற்கேள்வி அதன் விலையன்று. இந்த மீட்புப் பணியைத் தடையின்றி முடிக்குமா என்பதே.

இங்கேதான் பதிவு முறை முக்கியமாகிறது. டிஸ்க்கில் எழுதும் முனை அகன்றது. படிக்கும் முனை குறுகியது. இதைப் பயன்படுத்தி, ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் படியுமாறு நெருக்கி எழுதும் முறை 2013-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. எஸ்.எம்.ஆர். எனப்படும் இம்முறையை ஓட்டு வீட்டின் கூரைக்கு ஒப்பிடலாம். கூரையின் கீழ் வரிசையில் ஓர் ஓட்டை மாற்ற, அதன்மேல் படிந்தவற்றையும் எடுத்து மீண்டும் அடுக்க வேண்டியிருக்கிறதல்லவா? அதுபோன்றே இங்கு ஒரு தடத்தைத் திருத்த, அதைத் தொடரும் தடங்கள் பலவற்றையும் திரும்ப எழுத வேண்டும். வந்த தகவலை முதலில் ஒரு தனிப்பகுதியில் இட்டுவைத்து, ஓய்வு கிடைக்கும்போது டிஸ்க் இவ்வேலையைச் செய்துகொள்ளும். சாதாரண உபயோகத்தில் இது தெரிவதேயில்லை. மீட்பு வேளையிலோ ஓய்வு என்பதே கிடையாது. தனிப்பகுதி நிரம்பியதும் வேகம் வெகுவாகக் குறைகிறது. விடை தாமதிப்பதைக் கண்ட சர்வர், புதிய டிஸ்க்கையே பழுதெனக் கருதி விலக்கிவிடுவதும் உண்டு.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சேமிப்பு சர்வர்களுக்கென்றே விற்கப்பட்ட தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் இம்முறையில் ஆனவை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சி.எம்.ஆர். முறையிலானவற்றுக்கு ரெட் பிளஸ் என்று பெயரிடப்பட்டது. எனவே பெட்டியின் மேலுள்ள பெயர் போதாது. மாதிரி எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் விவரப் பட்டியலில் சி.எம்.ஆர். என்று காண்பது அவசியம்.

சர்வர் பழையதாயின் வேறு வரம்புகளும் உண்டு. டிஸ்க்கின் பகுதிகளை 32 இலக்க இரும எண்ணால் குறிக்கும் சாதனம் 429,49,67,296 பகுதிகளை மட்டுமே அறியும். பகுதிக்கு 512 பைட் எனக் கணக்கிட்டால், ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு அப்பால் அதற்கு உலகமே இல்லை. 4,096 பைட் பகுதிகளை மட்டும் காட்டும் டிஸ்க்குகள் சில பழைய சர்வர்களுக்கு விளங்கா. பெருங்கொள்ளளவுள்ள புதிய டிஸ்க்குகள் சிலவற்றில், மின் இணைப்பின் மூன்றாவது முனைக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் சுழலாதிருக்கும் ஏற்பாடு உள்ளது. பழைய மின்வழங்கி அம்மின்னழுத்தத்தை இடைவிடாது தருமாதலால், குற்றமற்ற டிஸ்க் உயிரற்றதுபோல் கிடக்கும். சாட்டா இணைப்பின் வேக வேறுபாடு குறித்துக் கவலை வேண்டா. கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். மிகுதி, மற்றவற்றையும் மாற்றும்வரை பயன்படாது.

பெருமாட்டி போன்ற கீழைப் பாலக்காட்டு ஊர்களில் கோடை வெப்பம் 40 டிகிரியை ஒட்டிச் செல்லும். சர்வரின் உட்புறம் அதனினும் சூடாயிருக்கும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, எதிர்பார்த்த அளவுக்கு வெப்பம் கேடு விளைவிக்கவில்லை. எனினும், மிகு வெப்பத்திலும் முதிர்ந்த டிஸ்க்குகளிலும் அதன் விளைவு புலப்பட்டது. ஆதலின் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வதைவிட 5,400 முறை சுழல்வது இங்கு ஏற்றது. சிறிய அலுவலகத்துக்கு அவ்வேகம் போதும். விசிறியில் படியும் தூசியைத் துடைப்பதற்குச் செலவே இல்லை.

புதிய டிஸ்க் வந்தவுடன் பழையதைக் கழற்றலாகாது. 10,000 கோடிக் கோடி அல்ல, வெறும் 10 லட்சம் கோடி எழுத்துகள் அளவுள்ள தகவலைப் படிப்பதே டிஸ்க்குக்குச் சோதனைதான். சாதாரண டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் பிழை வரம்பு, 12.5 டெராபைட் படிக்கையில் ஒன்று. நாம் கண்ட சர்வரில் மீட்புக்காகப் படிக்க வேண்டியது 12 டெராபைட். நடைமுறையில் பிழை இதைவிட அரிதே; ஆயினும் முழுப் பிரதி ஒன்றை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, வேறு கட்டடத்தில் வைத்தபின்னரே மாற்றத்தைத் தொடங்குதல் முறை. பழுதுற்றதன் வரிசை எண்ணைத் திரையில் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டு, கழற்றும் டிஸ்க்கின் மேலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பழுதானதை விட்டு நல்லதை உருவிவிட்டால், தொகுதி அக்கணமே நின்றுவிடும்.